வழிகாட்டியின் கண்

'வெளிநாட்டுக்கு வேட்டையாடச் செல்லுதல்' என்றவுடன் நம் மனக்கண்ணில் விரிவது ஆப்பிரிக்கப் புல்வெளியே. சிங்கமும் காட்டெருமையும் உலவும் பரந்த நிலம், கூரையற்ற வண்டி, தொப்பியணிந்த வேட்டையர் என்று அக்காட்சி அமையும். ஆயின் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேயர் இதே சொற்களை உச்சரித்திருப்பின், அவர் மனக்கண்ணில் தோன்றியிருக்கக்கூடிய இடங்களுள் நாம் வாழும் இக்கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளும் அடங்கும். வடக்கே பழனிமலைத் தொடர், மேற்கே ஏலமலை, தென்கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் அரண் செய்ய, நடுவே நெல்லும் தென்னையும் திராட்சையும் விளையும் இந்நிலத்திற்குக் கடல் கடந்து வந்து வேட்டையாடிச் சென்றோர் உண்டு. இவ்வுண்மையை நினைந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு அண்மையில் ஒரு நண்பரால் வாய்த்தது.

நண்பர் கொணர்ந்த தாள்கள்

நண்பர் ஏலக்காய் வணிகர். ஹஜ் கடமையை நிறைவேற்றியவர். ஊரார் அவரை ஹாஜியார் என்றே அழைப்பர். வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் அவருடைய மகனார், உடன் பணிபுரிவோர் சிலருடன் சேர்ந்து நமீபியா நாட்டுக்கு வேட்டைப் பயணம் செல்லத் திட்டமிட்டு, தந்தையாரையும் உடன் வருமாறு அழைத்திருந்தார். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய ஆங்கிலத் தாள்களை எடுத்துக்கொண்டு ஹாஜியார் ஒரு மாலைப் பொழுதில் நம் இல்லம் வந்தார். "மகன் ஆசையாக் கூப்பிடுறான், பேராசிரியரே. நீங்க ஒரு தடவை படிச்சுப் பார்த்து, இதுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லணும்" என்றார். சிறு வயதில் தம் பாட்டனார் காட்டுப்பன்றி வேட்டைக்குச் சென்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ஆர்வமும் தயக்கமும் அவர் முகத்தில் ஒருங்கே தெரிந்தன.

நாம் அத்தாள்களை இரண்டு இரவுகள் படித்தோம். தொடர்புடைய பிற செய்திகளையும் தேடிப் படித்தோம். வேட்டைப் பயணத்தைத் திட்டமிடுவது திருமணத்தைத் திட்டமிடுவதினும் கடினமானது என்பது அப்போது விளங்கிற்று. முதலில் காலம். தென்னாப்பிரிக்கப் பகுதியில் மே முதல் செப்டம்பர் வரையிலான உலர்ந்த மாதங்களே ஏற்றவை. புல் காய்ந்து தாழ்வதாலும், எஞ்சிய நீர்நிலைகளை நாடி விலங்குகள் வருவதாலும் அவற்றைக் காண்பது எளிது. அடுத்தது கருவி. பெருவிலங்குகளுக்கு .375 அளவினும் சிறிய குழலுடைய துப்பாக்கி ஆகாது என்பது அந்நாடுகள் பலவற்றின் விதி. அதனை எடுத்துச் செல்ல இரு நாட்டு உரிமமும் வேண்டும் ஆதலின், அங்கேயே வாடகைக்குப் பெறுவோர் பலர். சென்று இறங்கியதும் முதல் வேலை, பாசறையில் தாளில் வரைந்த குறியைச் சுட்டுக் காட்டுவதாகும். குறி தவறுவோரை விலங்கின்முன் நிறுத்தமாட்டார்கள்.

பிறகு பணம். நாட்கட்டணம் ஒன்று, வீழ்த்தும் விலங்கிற்கான கட்டணம் வேறொன்று. இவ்விரண்டாவது கட்டணத்தில் நம் நெஞ்சைத் தொட்ட ஒரு விதி உண்டு. காயம்பட்டு ஓடி மறைந்த விலங்கும் கொல்லப்பட்டதாகவே கணக்கில் ஏறும். அதற்கும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். காயப்படுத்திவிட்டுக் கைவீசிச் செல்ல எவருக்கும் உரிமையில்லை என்பது அதன் பொருள். கொம்பையும் தோலையும் பாடம் செய்து தாய்நாடு கொணர்வது மற்றொரு பெரும் படலம். 1975-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையான சைட்டிசில் இந்தியா 1976-இல் இணைந்தது. அதன் பட்டியலில் உள்ள உயிரினம் எதுவாயினும் அதன் உடற்பகுதி எல்லை கடக்க அரசுகளின் அனுமதித் தாள் வேண்டும். நம் நாட்டு வனவிலங்குச் சட்டமும் சுங்கத் துறையும் எளிதில் வழிவிடுவதில்லை.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்று. அயல்நாட்டார் எவரும் தாமாகக் காட்டுக்குள் சென்று வேட்டையாட இயலாது. உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன் இருந்தே ஆகவேண்டும் என்பது நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சட்டம். எந்த விலங்கு முதிர்ந்தது, எது கூட்டத்தை விட்டு விலகியது, எது இனப்பெருக்கக் காலத்தைக் கடந்தது என்று பார்த்துச் சொல்பவர் அவர். காற்றின் திசையறிந்து நடத்திச் செல்பவர் அவர். காயம்பட்ட காட்டெருமை புதருள் பதுங்கினால் முன்னே செல்ல வேண்டியவரும் அவரே. அவருக்கும் முன்னே, கையில் ஒரு கோலுடன் தரையை நோக்கியவாறு நடப்பவர் தடம் பார்க்கும் உள்ளூர்க்காரர். விருந்தினர் செய்யும் வேலை இறுதியில் விரலை ஒருமுறை அசைப்பது மட்டுமே!

அப்படியாயின் இத்துணைப் பொருட்செலவு எதற்காக? ஒரு மனிதரின் கண்ணுக்காக என்று தோன்றியது. அந்தக் கண் துப்பாக்கியோடு விற்கப்படும் பண்டமன்று. காட்டில் பிறந்து வளர்ந்த பல தலைமுறைகளின் சேமிப்பு.

இங்கே வந்த வேட்டையர்

இவ்வெண்ணத்தோடு நம் மலைகளின் வரலாற்றை நோக்கினோம். தளபதி டக்ளஸ் ஹாமில்டன் என்பார் தென்னிந்தியக் காடுகளில் நீண்ட காலம் வேட்டையாடியவர். பழனிமலையை அளந்து படம் வரைந்தவர். அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892-இல் நூலாக வெளிவந்தன. போடிநாயக்கனூருக்கு மேலே, உயர்மலைப் பகுதியில் தேயிலை பயிரிட வந்த ஆங்கிலேயர் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேசனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்த காலத்தில், அத்தோட்டத் துரைமார்க்கு ஓய்வுநாள் இன்பம் வேட்டையே. அவர்கள் விரும்பித் தேடியது நம் பண்டைப் புலவர் வருடை எனப் பாடிய வரையாடு. அதன் எண்ணிக்கை குறைந்துவிடாதவாறு காத்ததும் அதே சங்கந்தான். அவ்வாறு காக்கப்பட்ட இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று.

1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டிய பெரியாற்று அணை நிறைவுற்றது. நம் வயல்களுக்கு நீர் தந்த அத்தேக்கம், காடு சூழ்ந்த ஓர் ஏரியையும் படைத்தது. கோடையில் நீர் தேடி யானையும் காட்டெருதும் அதன் கரைக்கு வந்தன. திருவிதாங்கூர் மன்னர்க்கு அங்கே ஏரி மாளிகை எழுந்தது. 1933-இல் இராபின்சன் என்பாரை விலங்குக் காவலராக அமர்த்திய அவ்வரசு, மறு ஆண்டே நெல்லிக்காம்பட்டி சரணாலயத்தை அறிவித்தது. அதுவே வளர்ந்து 1950-இல் பெரியாறு சரணாலயமாகவும், 1978-இல் புலிகள் காப்பகமாகவும் மலர்ந்தது.

இவ்வரலாற்றில் துரைமார் பெயர் உண்டு. மன்னர் பெயர் உண்டு. காவல் அதிகாரி பெயரும் உண்டு. ஆனால் வரையாடு நிற்கும் பாறை விளிம்பைக் காட்டிக் கொடுத்த முதுவர் பெயர் எது? யானைத் தடத்தை மோந்து பார்ப்பவர் போலக் குனிந்து நாளும் நேரமும் சொன்ன பளியர் பெயர் எது? மன்னான் குடியினர் பெயர் எது? வேட்டைப் படங்களில் வீழ்ந்த விலங்கின்மேல் காலூன்றி நிற்பவரின் பெயர் படத்தின் கீழே இருக்கும். ஓரத்தில் தலைப்பாகையோடு நிற்பவரின் பெயர் பெரும்பாலும் இராது. வேட்டைக்குத் துணைபோன நாய்க்கேனும் ஊர்ப்பெயர் நிலைத்தது. செம்மை நிறமும் கருமுகமும் கொண்ட கோம்பை நாய் இன்றும் நம் பள்ளத்தாக்கின் கோம்பையை உலகறியச் செய்கிறது. மனிதனுக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை.

எல்லை வகுத்த அறம்

வேட்டையைக் குறிஞ்சி நிலத்தின் தொழிலாக வகுத்தது தமிழ் மரபு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவிச் செல்ல எய்த வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூற்றில் பாடினார். அதே புலவர், தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்ள அவ்வேட்டுவன் நாணிய பண்பையும் பாடினார். தன் புகழைத் தானே கேட்கக் கூசுபவனே சான்றோன் என்பது அக்கால நோக்கு. வேட்டைக்கு எல்லை வகுக்காத சமுதாயமும் இல்லை. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் பூண்டவர் தரைவாழ் விலங்குகளை வேட்டையாடலாகாது என்னும் விதியை நம் ஹாஜியார் நன்கறிவார். "இஹ்ராம்ல இருந்தப்ப ஒரு எறும்பை மிதிச்சிடக் கூடாதேன்னு பார்த்துப் பார்த்து நடந்தேன்" என்று அவர் கூறியதுண்டு.

துப்பாக்கியிலிருந்து ஏட்டுக்கு வந்த ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். 1896-இல் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் இருந்த மஞ்சள் நிறம் அவரை வியப்பில் ஆழ்த்தியது. அது என்ன பறவை என்று கேட்டறிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த வினா அவரை நாட்டின் தலைசிறந்த பறவையியல் அறிஞர் ஆக்கியது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது நம் மேற்கு மலைகளுக்கும் அவர் வந்தார்.

அவர் பெயர் நம் மேகமலையோடும் பிணைந்துள்ளது. அங்கே தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் 1948-இல் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பாடம் செய்தார். சாதாரண வௌவால் என்று கருதப்பட்டு அது மும்பைக் கழகத்தின் இழுப்பறையில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதனை ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத தனி இனம் என்று அறிவித்து, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். நம் மலையின் செல்வம் ஒன்று இருபத்துநான்கு ஆண்டுகள் அடையாளமின்றிக் கிடந்தது. அதே 1972-இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. 1970-இல் புலி வேட்டை தடைசெய்யப்பட்டிருந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. விளையாட்டு வேட்டையின் காலம் இந்நாட்டில் முடிவுக்கு வந்தது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் பகுதியே புலிகள் காப்பகமாயிற்று.

பெயர் வேண்டாம் என்றவர்

சட்டம் வந்தபின் அந்தக் கண்கள் என்ன ஆயின? காட்டையன்றி வேறு தொழில் அறியாதவர் சிலர் மறைவாகக் காட்டுக்குள் நுழைந்தனர். வயணப் பட்டை எனப்படும் காட்டு இலவங்கத்தின் பட்டையை உரித்து விற்றோர், வாரக்கணக்கில் காட்டிலேயே தங்கி, விலங்குகளையும் வேட்டையாடினர். வனத்துறையினர் துரத்துவதும் அவர்கள் ஒளிவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1996 முதல் 2004 வரை பெரியாற்றில் நடைபெற்ற சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது புதிய வழி பிறந்தது. பட்டை உரித்தோரையே ஒரு குழுவாக அமைத்து, காட்டைச் சுற்றிக் காட்டவும் காவல் காக்கவும் பணித்தனர். துரத்தப்பட்டவர் காவலராயினர். பயணிகள் சிலரை அழைத்துக்கொண்டு, துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் துணையோடு, காட்டில் ஓரிரவோ இரண்டிரவோ தங்கிவரும் நடைப்பயணத்தை அவர்கள் நடத்தினர்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் சிலருடன் தேக்கடியில் ஒருநாள் நடை சென்றோம். நமக்கு வழிகாட்டியவர் முன்னர்க் காட்டில் மறைந்து திரிந்தவர்களுள் ஒருவர். நாம் வெறும் மரமாகக் கண்ட மரத்தில் கரடி ஏறிய கீறலை அவர் கண்டார். நாம் சேறாகக் கண்ட இடத்தில், விடியலுக்கு முன் கன்றுடன் கடந்த யானையைக் கண்டார். ஓரிடத்தில் திடீரெனக் கையுயர்த்தி எங்களை நிறுத்தினார். எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, நாற்பதடித் தொலைவில் மூங்கில் புதர் அசைந்து ஒரு காட்டெருது எழுந்து சென்றது. மாணவர் மூச்சுவிட மறந்து நின்றனர்.

திரும்பி வருகையில், நம் மலரில் அவரைப் பற்றி எழுத விரும்புவதாகச் சொல்லிப் பெயர் கேட்டோம். அவர் சிறிது சிரித்தார். "பேரு வேண்டாம் சார். பழைய கேசெல்லாம் ஊர்ல இன்னும் பேசுறாங்க. பிள்ளைக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேன். காட்டைப் பத்தி எழுதுங்க, போதும்" என்றார்.

வல்வில் ஓரி பெயர் சொல்ல நாணியது புகழின் மிகுதியால். இவர் பெயர் சொல்ல அஞ்சியது பழியின் எச்சத்தால். ஒரே மலையறிவு, துரைக்கு உதவியபோது வீரத்தின் பகுதியாகவும், வயிற்றுக்கு உதவியபோது குற்றமாகவும் எண்ணப்பட்டது. இன்று அது காவலாக மாறிய பின்னும் ஊர் பழைய பெயரையே சொல்கிறது.

கொல்லாத பெருவேட்டை

இத்தகைய கண்களின் அருமையை நம் பள்ளத்தாக்கு 2023-இல் நேரில் கண்டது. கேரளத்தின் சின்னக்கானலில் ஏப்ரல் திங்கள் இறுதியில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மே 27-ஆம் நாள் கம்பம் நகருக்குள் புகுந்தது. கடைவீதி வெறிச்சோடிற்று, 144 தடை பிறந்தது, யானையால் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். பழைய காலமாயின், 'கொலைகார யானை' என்று பறைசாற்றி, யாரேனும் ஒரு துரையை அழைத்துச் சுட்டிருப்பர். இம்முறை ஆனைமலையிலிருந்து கும்கிகளும், முதுமலையிலிருந்து தடமறியும் பழங்குடியினரும், மருத்துவரும் வந்தனர். தோட்டங்களினூடே நாள்கணக்கில் யானையைப் பின்தொடர்ந்து, சூன் 5-ஆம் நாள் சின்னஓவுலாபுரத்திற்கு அருகே மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றனர். வேட்டையின் எல்லாக் கூறுகளும் அதில் இருந்தன: திட்டம், தடம், காத்திருப்பு, குறி. கொலை மட்டுமே இல்லை.

நாம் ஹாஜியாருக்குச் சொன்னது

தாள்களைத் திருப்பித் தந்தபோது நாம் இருபுறமும் எடுத்துரைத்தோம். நமீபியாவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்பின் சிற்றூர் மக்களே தம் நிலத்தின் விலங்குகளைப் பேணி, வேட்டைக் கட்டணத்தின் பயனைப் பெறுகின்றனர். இறைச்சியும் அவர்களுக்கே போகிறது. கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடை செய்தது. போட்சுவானா 2014-இல் தடை செய்து 2019-இல் நீக்கியது. அந்நாட்டார்க்கே ஒருமித்த முடிவு இல்லாதபோது, தொலைவில் இருந்து தீர்ப்புரைப்பது நம் பணியன்று. ஆயினும் ஒன்று சொன்னோம்: "மகனார் தேடுவது விலங்கின் தலையாயின் நமீபியா செல்லட்டும். காட்டை அறிந்த ஒருவர்பின் நடக்கும் அனுபவமாயின், அது கம்பத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது." அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டையும் அவன்கிட்டச் சொல்றேன்" என்றார். முடிவு இன்னும் ஆகவில்லை.

நம் முடிவு வேறொன்றைப் பற்றியது. ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பை என்றோர் ஊர் உண்டு. பெயரிலேயே புலியும் மானும் ஒலிக்கும் அவ்வூரில், 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் குழுவினர் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டனர். கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தன என அறிஞர் கணிக்கும் அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனைக் குறிக்கிறது. அவன் மன்னன் அல்லன், வள்ளல் அல்லன். ஆயினும் அவன் ஊரார் கல்லில் பெயர் பொறித்தனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர் நிற்கிறது.

அந்த நாட்டில் பிறந்த நாம், மலையறிந்த மனிதரை ஏட்டில் ஏற்றாது விடுவது தகுமா? தடத்திற்கும் கீறலுக்கும் எச்சத்திற்கும் காற்றின் வாடைக்கும் அவர்களிடம் வழங்கும் சொற்களை நம் அகராதிகளில் தேடுவதைவிட அவர்கள் வாயினின்றே கேட்டு எழுத வேண்டும். தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஒரு மலையூருக்குச் சென்று, முதியவர் ஒருவரிடம் பத்துச் சொற்களைக் கேட்டு வந்தால், சில ஆண்டுகளில் ஒரு நல்ல தொகுப்பு உருவாகும். பெயர் வெளியிட இசைவோரின் பெயரை அதில் முதலில் எழுதுவோம். இசையாதோரின் சொல்லையேனும் காப்போம். அவர்கள் மக்கள் அஞ்சாமல் தந்தையின் பெயரைச் சொல்லும் நாள் வரும்போது, எழுதுவதற்கு அந்தப் பக்கத்தில் இடம் விட்டு வைப்போம்.